2டி எலக்ட்ரான்ல மெட்டல்-இன்சுலேட்டர் ட்ரான்சிஷன் அளக்குறது எப்படி: விசிறி மாதிரி கர்வ் வந்தா மட்டும் பத்தாது

ஒரு மெல்லிசான தளத்துக்குள்ள (2டி) ஓடுற எலக்ட்ரான்கள், எண்ணிக்கைய கொறைச்சா கரண்ட்ட கடத்துற மெட்டல்ல இருந்து கடத்தாத இன்சுலேட்டரா மாறுறது தான் மெட்டல்-இன்சுலேட்டர் ட்ரான்சிஷன். நல்ல சிலிக்கான் மாஸ்ஃபெட் (கேட் வோல்டேஜால எலக்ட்ரான் எண்ணிக்கைய மாத்துற ட்ரான்சிஸ்டர்) ஒண்ணு, டைல்யூஷன் ஃப்ரிட்ஜ் (மில்லிகெல்வினுக்கு குளிர வைக்குற மெஷின்) ஒண்ணு, லாக்-இன் (நாய்ஸுக்கு நடுவுல சின்ன ஏசி சிக்னல அளக்குற கருவி) ரெண்டு, இவ்ளோ கைல இருந்தா போதும், ஒரு மாசத்துல முடிச்சிடலாம்னு தான் நானும் ஆரம்பிச்சேன். கேட் வோல்டேஜ கொஞ்சம் கொஞ்சமா மாத்தி ஒவ்வொண்ணுக்கும் ரெசிஸ்டன்ஸ் எதிர் டெம்பரேச்சர் போட்டா, டென்சிட்டி (சதுர சென்டிமீட்டருக்கு எத்தன எலக்ட்ரான்) கம்மியா இருக்குற கர்வ் எல்லாம் குளிர குளிர ஏறும், அதிகமா இருக்குறது எல்லாம் குளிர குளிர எறங்கும், நடுவுல ஒண்ணு சும்மா படுத்துக் கெடக்கும், மொத்தமா பாத்தா விரிச்ச விசிறி மாதிரி இருக்கும். அந்தப் படத்த வச்சு ட்ரான்சிஷன் கண்டுபிடிச்சிட்டேன்னு சொல்ல ஆச வரும். சொல்லாதீங்க. அந்த விசிறி வர்றதுக்கு வேற காரணங்களும் இருக்கு, அதுல ரெண்டு மூணு உங்க வயரிங்லயே இருக்கலாம். எத எத செக் பண்ணா அது நெஜமான ட்ரான்சிஷன்னு தைரியமா பேசலாம்ங்கறது தான் இந்த கைடு.

மொதல்ல இதுல ஏன் இவ்ளோ சண்டைனு சுருக்கமா. 1979ல ஆப்ரஹாம்ஸ், ஆண்டர்சன், லிச்சியார்டெல்லோ, ராமகிருஷ்ணன் நாலு பேரும் சேந்து ஒரு ஸ்கேலிங் தியரி போட்டாங்க (அந்த ராமகிருஷ்ணன் நம்ம திருப்பத்தூர் வெங்கடாசலமூர்த்தி ராமகிருஷ்ணன் தான், ஃபீல்டுல இந்த நாலு பேர "கேங் ஆஃப் ஃபோர்"னே கூப்பிடுவாங்க). எலக்ட்ரான்கள் ஒண்ணோட ஒண்ணு மோதிக்காதுனு வச்சுக்கிட்டா, 2டில எவ்ளோ கம்மியா அழுக்கு இருந்தாலும் சரி, சாம்பிள பெருசாக்கி டெம்பரேச்சர ஜீரோ பக்கம் கொண்டுபோனா கடைசில எல்லாம் இன்சுலேட்டர் தான், மெட்டல்னு ஒண்ணு கெடையாதுனு அது சொல்லுச்சு. பதினஞ்சு வருஷம் எல்லாரும் அத ஒத்துக்கிட்டு நிம்மதியா இருந்தாங்க. 1994, 95ல கிராவ்சென்கோ, புடலோவ் கூட்டணி ரொம்ப சுத்தமான சிலிக்கான் மாஸ்ஃபெட்ல சதுர சென்டிமீட்டருக்கு 8×10¹⁰ எலக்ட்ரான் பக்கத்துல ஒரு பக்கம் இன்சுலேட்டராவும் இன்னொரு பக்கம் குளிர குளிர ரெசிஸ்டிவிட்டி கிட்டத்தட்ட பத்து மடங்கு விழுறதாவும் காட்டுனாங்க. மொதல்ல யாரும் நம்பல, அப்புறம் மத்த லேப்லயும் காலியம் ஆர்செனைடு ஹோல் (எலக்ட்ரான் இல்லாத காலி எடம்) சாம்பிள்லயும் வந்ததும் நம்ப வேண்டியதாப் போச்சு. ஆனா அது நெஜமாவே ஒரு குவாண்டம் ஃபேஸ் ட்ரான்சிஷனா (ஜீரோ டெம்பரேச்சர்லயே நடக்குற நிலை மாற்றம்) இல்லயாங்கற சண்டை இன்னும் ஓயல.

இங்க முக்கியமான நம்பர் ஆர்-எஸ். எலக்ட்ரான்களுக்கு நடுவுல இருக்குற சராசரி தூரத்த அந்த மெட்டீரியலோட போர் ரேடியஸால (அங்க ஒரு எலக்ட்ரான் எதிர் சார்ஜ் ஒண்ண சுத்துற தூரம்) வகுத்தா வர்றது. கூட்டம் கம்மியானா சண்டையும் கம்மியாகும்னு தோணும், இங்க தலைகீழ். டென்சிட்டி கொறஞ்சா கைனெடிக் எனர்ஜி அதே வேகத்துல கொறையும், கூலம்ப் எனர்ஜியோ (ஒண்ண ஒண்ணு தள்ளுற எனர்ஜி) டென்சிட்டியோட ஸ்கொயர் ரூட் கணக்குல தான் கொறையும், அதனால எலக்ட்ரான் கம்மியாக ஆக இன்டராக்ஷன் தான் ராஜா. சிலிக்கான்ல எஃபெக்டிவ் மாஸ் (கிரிஸ்டலுக்குள்ள எலக்ட்ரான் காட்டுற மாஸ்) வெளில இருக்குற எலக்ட்ரானோட 0.19 மடங்கு, ஆக்சைடும் சிலிக்கானும் சேந்த சராசரி டைஎலக்ட்ரிக் 7.7, அப்போ போர் ரேடியஸ் கிட்டத்தட்ட 2.1 நானோமீட்டர், டென்சிட்டி 10¹¹ன்னா ஆர்-எஸ் 8 சொச்சம். சிலிக்கான்ல வேலி (valley, எலக்ட்ரான் ஒக்காரக்கூடிய சம எனர்ஜி பள்ளம்) ரெண்டு இருக்குறதால ஃபெர்மி எனர்ஜி (நெரம்புன நிலைகள்லயே ஒசரமானதோட எனர்ஜி) இன்னும் பாதியாகும், கூலம்புக்கும் ஃபெர்மிக்கும் உள்ள விகிதம் 16க்கு மேல போயிடும். எலக்ட்ரான்கள் உறைஞ்சு விக்னர் கிரிஸ்டல் ஆகுறது, அழுக்கே இல்லாத சிஸ்டத்துக்கு டனாட்டர், செப்பர்லி 1989ல போட்ட கணக்குப்படி, ஆர்-எஸ் 37 பக்கத்துல. நாம நிக்குறது நடுவுல, திரவம்னு சொல்லலாம் ஆனா ரொம்ப கெட்டியான திரவம். இன்னொரு நம்பரையும் நோட்ல எழுதி வச்சுக்கோங்க: 8×10¹⁰ல ஃபெர்மி டெம்பரேச்சர் (ஃபெர்மி எனர்ஜிய டெம்பரேச்சரா மாத்தி சொன்னது) 6 கெல்வின் கூட இல்ல. 4 கெல்வின்ல எடுத்த டேட்டாவ வச்சு "குளிர்ச்சியான மெட்டல்"னு பேசுறது அர்த்தமே இல்லாத பேச்சு.

சாம்பிள் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். பீக் மொபிலிட்டி (எலக்ட்ரான் எவ்ளோ சுலபமா ஓடுதுங்கற அளவு) வோல்ட்-செகண்டுக்கு 20,000, 30,000 சதுர சென்டிமீட்டருக்கு மேல இருக்கணும், அழுக்கு சாம்பிள்ல அழுக்கு பண்ற வேல மட்டும் தான் தெரியும், இன்டராக்ஷன் பண்ற வேல தெரியாது. அடுத்து கான்டாக்ட். டென்சிட்டி கொறைக்கும் போது மொதல்ல சாகுறது நடு சேனல் இல்ல, கான்டாக்ட் பக்கத்துல இருக்குற எடம் தான், அது செத்தா நீங்க அளக்குறது கான்டாக்ட்ட, எலக்ட்ரான் சிஸ்டத்த இல்ல. நல்ல சாம்பிள்ல கேட் மெட்டல்ல 100 நானோமீட்டருக்கும் கம்மியான மெல்லிசான கேப் விட்டு, கான்டாக்ட் பக்கம் தனி கேட்ல டென்சிட்டிய எப்பவும் அதிகமா வச்சிருப்பாங்க, நடுவுல மட்டும் கொறைப்பாங்க. சாம்பிள் பண்ணித் தர்ற ஆள் கிட்ட இத ஆரம்பத்துலயே கேட்டு வாங்கிடுங்க, அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல.

குளிர வைக்கும் போது கேட்ல ஒரு நிலையான பாசிட்டிவ் வோல்டேஜ் வச்சு மெதுவா எறக்குங்க. ஒவ்வொரு தடவ குளிர வைக்கும் போதும் ஆக்சைடுல மாட்டுற சார்ஜ் வேற வேற, அதனால த்ரெஷோல்டு (எலக்ட்ரான் சேர ஆரம்பிக்குற கேட் வோல்டேஜ்) நகரும், போன ரன்னோட கேட் வோல்டேஜ இந்த ரன்னுக்கு அப்படியே காப்பி பண்ணாதீங்க. 200 நானோமீட்டர் ஆக்சைடுன்னா 1 வோல்ட்டுக்கு டென்சிட்டி 1.1×10¹¹ அளவுக்கு மாறும், அப்போ 10⁹ ஸ்டெப் வேணும்னா கேட்ட 10 மில்லிவோல்ட்டுக்கும் கம்மியா நகத்தணும், கேட் சோர்ஸ்ல நாய்ஸ் இருந்தா நடு கர்வ் எதுன்னே தெரியாது. குளிர்ல கேட்ட வேகமா ஆட்டுனா ஹிஸ்டெரிசிஸ் வரும், அதாவது ஏத்தும் போது ஒரு ரீடிங், எறக்கும் போது வேற ரீடிங். அவசரத்துல அண்டாவுக்குள்ள கூட கை போகாதுன்னு வீட்ல சொல்வாங்கள்ல, அது இங்க அப்படியே பொருந்தும்.

டென்சிட்டிய கெபாசிட்டன்ஸ் கணக்குல மட்டும் போடாம ஷுப்னிகோவ்-டி ஹாஸ்ல (மேக்னெட் ஃபீல்ட ஏத்தும் போது ரெசிஸ்டன்ஸ் ஏறி ஏறி எறங்குறது) சரி பாத்துக்கோங்க. ஃபில்லிங் ஃபேக்டர் (ஃபீல்டால வர்ற எனர்ஜி படிகள்ல எத்தன நெரம்பியிருக்குங்கறது) ஒண்ணுக்கு ஒரு டெஸ்லாவுக்கு 2.42×10¹⁰, இந்த ஒரு நம்பர் மனசுல இருந்தா போதும். டென்சிட்டி 10¹¹ன்னா ஃபில்லிங் 4 மினிமம் 1 டெஸ்லாவ ஒட்டி வரும். நாலஞ்சு கேட் வோல்டேஜ்ல மினிமம் எடத்த குறிச்சு நேர்கோடு போட்டு, அத கீழ நீட்டினா த்ரெஷோல்டு கெடைக்கும். ஹால் வோல்டேஜ் (ஃபீல்டால குறுக்குவாட்டுல வர்றது) அளந்து பாத்தாலும் சரி, ஆனா டென்சிட்டி கொறையும் போது நீளவாட்டு ரெசிஸ்டன்ஸ் ஹால் சிக்னல்ல கலந்துடும், ஃபீல்டோட திசைய மாத்தி ரெண்டு தடவ எடுத்து கழிச்சே ஆகணும்.

இப்போ எலக்ட்ரானிக்ஸ், நெறைய பேர் விழுற குழி இது தான். இன்சுலேட்டர் பக்கம் போகும் போது ரெசிஸ்டன்ஸ் மெகா ஓம்ல போகும். சாதாரண லாக்-இன்னோட இன்புட் 10 மெகா ஓம் தான், சாம்பிள் 1 மெகா ஓம் ஆச்சுன்னா ரீடிங் 9 சதவீதம் கம்மியா காட்டும், 10 மெகா ஓம் ஆச்சுன்னா பாதி தான் காட்டும், கர்வ் மேல ஏறுறது தானா மட்டுப்படும், அதப் பாத்து ஆகா புது ஃபிசிக்ஸ்னு நெனச்சுடாதீங்க. ஹை இம்பீடன்ஸ் ப்ரீஆம்ப் போடுங்க. கேபிள் கெபாசிட்டன்ஸும் இருக்கு: ஃப்ரிட்ஜ் மேல இருந்து கீழ வரைக்கும் ஓடுற வயர்ல 500 பிகோஃபாரட் சுலபமா சேந்துடும், 10 மெகா ஓமோட சேந்தா ஆர்சி டைம் 5 மில்லிசெகண்ட், 13 ஹெர்ட்ஸ்ல அளந்தாலே ஃபேஸ் 20 டிகிரிக்கு மேல சாஞ்சிருக்கும். லாக்-இன்னோட எக்ஸ் சேனல (ஃபேஸ் ஒத்து வர்றது) மட்டும் சேவ் பண்ணிட்டு ஒய் சேனல (90 டிகிரி தள்ளி வர்றது) தூக்கிப் போடுறவங்களுக்கு இது தெரியவே தெரியாது. ஒய் சேனல் வளர ஆரம்பிச்சா ஃப்ரீக்வன்சிய 1 ஹெர்ட்ஸுக்கும் கீழ எறக்குங்க, அதுக்கும் மசியலன்னா டிசிக்கு மாறி முழு ஐ-வி (கரண்ட் எதிர் வோல்டேஜ்) கர்வா எடுங்க. எப்படியும் அந்த ஐ-வி உங்களுக்கு அப்புறம் வேணும்.

எலக்ட்ரான் சூடாகுறது தனிக் கத, இத கொஞ்சம் விரிவா சொல்றேன் ஏன்னா நான் மூணு வாரம் இதுல வீணாக்கினேன். மிக்சிங் சேம்பர் (ஃப்ரிட்ஜ்லயே ரொம்ப குளிர்ந்த எடம்) தெர்மாமீட்டர் 30 மில்லிகெல்வின்னு காட்டுது, கர்வ் எல்லாம் 150 மில்லிகெல்வினுக்கு கீழ தட்டையா ஆகுது, மெட்டல் பக்கம் ரெசிஸ்டிவிட்டி ஒரு நிலையான மதிப்புல வந்து நிக்குது, எனக்கோ பயங்கர சந்தோஷம், ஜீரோ டெம்பரேச்சர் மெட்டலையே புடிச்சிட்டோம்னு. அப்புறம் ஒரு நாள் இன்சுலேட்டர் பக்க கர்வையும் அதே பிளாட்ல போட்டேன், அதுவும் அதே 150ல தட்டையா ஆகுது. ஆக்டிவேஷன்ல (சூட்டோட உதவில தடைய தாண்டி) போற இன்சுலேட்டர் எதுக்கு நிக்கணும்? எலக்ட்ரான் குளிரவே இல்ல, அவ்ளோ தான். ரூம் டெம்பரேச்சர்ல இருந்து வயர் வழியா எறங்குற ரேடியோ நாய்ஸ் எலக்ட்ரான சூடு பண்ணிக்கிட்டே இருந்திருக்கு, நான் குளிர்ல ஆர்சி ஃபில்டர் போடாம சோம்பேறித்தனமா விட்ட வயர் தான் காரணம். அன்னிக்கு கத்துக்கிட்டது: ஆழமான இன்சுலேட்டர் பக்க கர்வ் தான் உங்க எலக்ட்ரான் தெர்மாமீட்டர். அது எந்த டெம்பரேச்சர் வரைக்கும் ஏறிக்கிட்டே போகுதோ அது வரைக்கும் தான் மெட்டல் பக்க டேட்டாவ நம்பலாம், அதுக்கு கீழ இருக்குற பாயிண்ட் எல்லாத்தையும் மனச கல்லாக்கிட்டு வெட்டுங்க.

கரண்ட்டும் அதே மாதிரி தான். சாம்பிள் 250 கிலோ ஓம்னு வச்சுக்கோங்க, 1 நானோ ஆம்ப் விட்டா 0.25 பிகோவாட் உள்ள போகுது, 100 பிகோ ஆம்ப்னா அதுல நூறுல ஒரு பங்கு. பவர் இவ்ளோ சின்னதா இருக்கேனு அலட்சியம் வேண்டாம், டெம்பரேச்சர் கொறையக் கொறைய எலக்ட்ரானுக்கும் லேட்டிசுக்கும் உள்ள தொடர்பு ரொம்ப வேகமா அறுந்துபோகும், போட்ட சூடு வெளிய போக வழி இருக்காது. வழக்கமா செய்ய வேண்டியது, ஒரு பாயிண்ட்ல நின்னு கரண்ட்ட பாதியாக்குங்க, ரெசிஸ்டன்ஸ் மாறுச்சுன்னா இன்னும் பாதியாக்குங்க, மாறாம நிக்குற எடத்துல தான் டேட்டா எடுக்கணும். இத ஒரே ஒரு டென்சிட்டில பண்ணிட்டு எல்லாத்துக்கும் பொருத்தாதீங்க, மெட்டல் பக்கம் ஒண்ணு, இன்சுலேட்டர் பக்கம் ஒண்ணு, நடுவுல ஒண்ணு.

இவ்ளோ முடிச்சதும் தான் விசிறி எடுக்கணும். டென்சிட்டிய நிறுத்தி வச்சு டெம்பரேச்சர ஓட்டுங்க, ஒவ்வொரு டெம்பரேச்சர்லயும் லேட்டிஸ் நிலைக்கு வர டைம் குடுங்க. ரெசிஸ்டன்ஸ ஜியாமெட்ரியால வகுத்து சதுரத்துக்கு இவ்ளோ ஓம்னு மாத்திக்கோங்க, அப்போ தான் ஹெச் பை ஈ-ஸ்கொயர் (பிளாங்க் மாறிலிய எலக்ட்ரான் சார்ஜோட ஸ்கொயரால வகுத்தது), அதாவது 25.8 கிலோ ஓம் கூட ஒப்பிட முடியும். ரெசிஸ்டிவிட்டிக்கு லாக் ஸ்கேல் வைங்க. சிலிக்கான்ல படுத்துக் கெடக்குற அந்த நடு கர்வ் இந்த நம்பருக்கு ஒண்ணுல இருந்து மூணு மடங்குக்குள்ள எங்கயாவது வரும். நூறு மடங்கு தள்ளி வந்தா ஜியாமெட்ரிலயோ கான்டாக்ட்லயோ தப்பு.

அடுத்தது தான் இந்த வேலைக்கே உயிர்: கிரிட்டிக்கல் டென்சிட்டிய (ட்ரான்சிஷன் நடக்குற டென்சிட்டி) ரெண்டு தனித்தனி வழில கண்டுபிடிக்கணும். முதல் வழி எல்லாரும் பண்றது, ஸ்லோப் எங்க ப்ளஸ்ல இருந்து மைனஸுக்கு மாறுதோ அந்த டென்சிட்டி. இதுல பிரச்சன என்னன்னா, ஸ்லோப் மாறுறது எந்த டெம்பரேச்சர் ரேஞ்ச்ல பாக்குறீங்கங்கறத பொறுத்தது, ஜீரோ கெல்வின்ல என்ன ஆகும்னு அதுக்கு தெரியாது. ரெண்டாவது வழி இன்சுலேட்டர் பக்கத்துல இருந்து நடந்து வர்றது. ஒவ்வொரு டென்சிட்டிக்கும் ரெசிஸ்டிவிட்டியோட லாக எடுத்து ஒண்ணு பை டெம்பரேச்சருக்கு எதிரா போட்டு நேர்கோடு வர்ற எடத்துல ஆக்டிவேஷன் எனர்ஜிய எடுங்க. டென்சிட்டி ஏற ஏற அது கொறஞ்சுக்கிட்டே வரும், நேர்கோடா நீட்டினா ஒரு எடத்துல ஜீரோவ தொடும். அதோட ஐ-வி கர்வையும் பாருங்க, இன்சுலேட்டர்ல ஒரு த்ரெஷோல்டு வோல்டேஜ் வரைக்கும் கரண்ட் கிட்டத்தட்ட போகாது, அப்புறம் ஒடச்சுக்கிட்டு போகும், அந்த வோல்டேஜோட ஸ்கொயர் ரூட்ட டென்சிட்டிக்கு எதிரா போட்டா அதுவும் நேர்கோடா ஜீரோவுக்கு எறங்கும். ஷாஷ்கின், கிராவ்சென்கோ, கிளாப்விக் 2001ல சுத்தமான மாஸ்ஃபெட்ல இத பண்ணிக் காட்டுனாங்க, ரெண்டு வழிலயும் ஒரே டென்சிட்டி வந்துச்சு, 8×10¹⁰ பக்கத்துல. உங்களுக்கும் ஒண்ணா வந்தா கெத்தா பேசலாம். வேற வேற டென்சிட்டி வந்தா ஸ்லோப் மாறுறதுக்கு காரணம் ட்ரான்சிஷன் இல்லாம வேற ஏதோனு அர்த்தம், அழுக்கு அதிகமான சாம்பிள்ல இப்படித் தான் வரும். ரொம்ப கம்மி டெம்பரேச்சர்ல லாக் எதிர் ஒண்ணு பை டி நேரா வராம வளையும், அது எஃப்ராஸ்-ஷ்க்ளோவ்ஸ்கி ஹாப்பிங் (எலக்ட்ரான் எடம் விட்டு எடம் தாவுறது), ஒண்ணு பை டெம்பரேச்சரோட ஸ்கொயர் ரூட்டுக்கு எதிரா போடணும், ரெண்டையும் கலந்து ஒரே ஃபிட் போடாதீங்க.

ஸ்கேலிங் கொலாப்ஸ் பாக்க மேஜிக் மாதிரி இருக்கும், அதனாலயே அத நான் கொஞ்சம் சந்தேகத்தோட தான் பாப்பேன். ஒவ்வொரு கர்வோட டெம்பரேச்சர் அச்சையும் ஒரு நம்பரால வகுத்து பக்கவாட்டுல நகத்துனா, இன்சுலேட்டர் கர்வ் எல்லாம் ஒரு கிளையிலயும் மெட்டல் கர்வ் எல்லாம் இன்னொரு கிளையிலயும் போய் ஒக்காரும். அந்த நம்பர் கிரிட்டிக்கல் டென்சிட்டில இருந்து தள்ளி இருக்குற தூரத்தோட ஒரு பவர்ல போகும், அந்த பவர் தான் இசட் நியூ, அதாவது இசட், நியூங்கற ரெண்டு எக்ஸ்போனன்ட்டோட பெருக்கம். 1995ல 1.6 பக்கத்துல சொன்னாங்க, 1996ல எலக்ட்ரிக் ஃபீல்டயும் சேத்து ஸ்கேல் பண்ணி இசட் 0.8, நியூ 1.5னு பிரிச்சாங்க. நீங்க பண்ணும் போது கிரிட்டிக்கல் டென்சிட்டிய ஃபிட்ல சும்மா அலைய விடாதீங்க, மேல சொன்ன ரெண்டு வழில கெடச்சத அப்படியே பூட்டிட்டு ஃபிட் போடுங்க. அலைய விட்டா எந்தக் குப்பையும் கொலாப்ஸ் ஆகும், லாக்-லாக் பிளாட்டோட குணமே அது.

அப்புறம் பேரலல் ஃபீல்டு டெஸ்ட். மேக்னெட் ஃபீல்ட எலக்ட்ரான் தளத்துக்கு இணையா வச்சா ஆர்பிட் பாதிக்காது, ஸ்பின் மட்டும் தான் ஒரே பக்கம் திரும்பும். மெட்டல் பக்க ரெசிஸ்டிவிட்டி கிடுகிடுனு ஏறி, ஸ்பின் எல்லாம் திரும்புனதும் தட்டையாகும், மெட்டல் குணம் மங்கிடும், கிரிட்டிக்கல் டென்சிட்டி மேல நகரும். 1997ல இத காட்டுனதுக்கு அப்புறம் தான் ஸ்பின்னுக்கு இதுல பெரிய பங்கு இருக்குன்னு எல்லாருக்கும் ஒறைச்சுது. சாம்பிள சாய்க்காம வைங்க, 5 டெஸ்லால 1 டிகிரி சாஞ்சாலே 87 மில்லிடெஸ்லா செங்குத்தா வந்துடும். தட்டையாகுற ஃபீல்ட குறிச்சுக்கோங்க: இன்டராக்ஷன் இல்லாத கணக்குல 8×10¹⁰க்கு 8.7 டெஸ்லா ஆகணும், நெஜத்துல அத விட ரொம்ப கம்மிலயே ஸ்பின் முழுசா திரும்பிடும். எஃபெக்டிவ் மாஸும் ஜி ஃபேக்டரும் (ஸ்பின் ஃபீல்டுக்கு எவ்ளோ மசியுதுங்கற அளவு) சேந்து அவ்ளோ வீங்கியிருக்குன்னு அர்த்தம், அதுல பெரும்பங்கு மாஸோடது.

டேட்டா கைல வந்ததும் எதிர்க்கட்சிக்காரங்களோட ஃபிட்டையும் நீங்களே போட்டுப் பாருங்க, ரெஃபரி கேக்குறதுக்கு முன்னாடி. சங்கர் தாஸ் சர்மா கூட்டம் சொல்றது, மெட்டல் பக்கம் ரெசிஸ்டிவிட்டி விழுறதுக்கு டெம்பரேச்சரோட மாறுற ஸ்கிரீனிங்கே (அழுக்கோட சார்ஜ எலக்ட்ரான்கள் சூழ்ந்து மறைக்குறது) போதும், இன்சுலேட்டர் பக்கம் வெறும் பெர்கொலேஷன், அதாவது எலக்ட்ரான் கொளம் கொளமா பிரிஞ்சு நிக்குறதுன்னு. செக் பண்றது சுலபம்: கண்டக்டிவிட்டி ஜீரோ ஆகுற டென்சிட்டில இருந்து எவ்ளோ தள்ளி இருக்கோம்ங்கறதுக்கு எதிரா கண்டக்டிவிட்டிய போட்டு எக்ஸ்போனன்ட் 4/3 வருதானு பாருங்க. அந்தப் பக்கம் ஃபின்கெல்ஸ்டைன் 1983ல ஆரம்பிச்ச தியரி, புன்னூஸும் அவரும் 2005ல முடிச்சது, இன்டராக்ஷனும் அழுக்கும் சேந்தே ஒரு நெஜமான குவாண்டம் கிரிட்டிக்கல் பாயிண்ட் வரும்னு சொல்லுது. அதுக்கும் டெஸ்ட் இருக்கு. மெட்டல் பக்கம் ட்ரான்சிஷன ஒட்டி ரெசிஸ்டிவிட்டி மொதல்ல ஏறி ஒரு உச்சிக்கு போய் அப்புறம் விழும், அந்த உச்சி மதிப்பால ரெசிஸ்டிவிட்டிய வகுத்து, டெம்பரேச்சர உச்சி டெம்பரேச்சரால வகுத்து லாக் போட்டு, அத உச்சி மதிப்பால பெருக்கி, அதுக்கு எதிரா வரைஞ்சா, ஃபிட்டிங் பாராமீட்டர் ஒண்ணு கூட இல்லாம எல்லா டென்சிட்டியும் ஒரே கர்வ்ல விழணும். ட்ரான்சிஷன ஒட்டின ரேஞ்ச்ல சிலிக்கான் டேட்டா விழுது. எனக்கு இந்தப் பக்கம் தான் சாய்வு, ஆனா ஸ்கிரீனிங்காரங்க சொல்றத அழுக்கு சாம்பிள்ல மறுக்கவும் முடியல.

மாஸ்ஃபெட் கெடைக்கல, வான் டெர் வால்ஸ் அடுக்கு (ரொம்ப மெல்லிசான ஷீட்கள ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனது) தான் கைல இருக்குன்னா வேற ரூட் இருக்கு. 2021ல கார்னெல் யூனிவர்சிட்டில மாலிப்டினம் டெலூரைடு, டங்ஸ்டன் செலினைடு அடுக்குலயும், கொலம்பியா யூனிவர்சிட்டில முறுக்கின டங்ஸ்டன் செலினைடுலயும் மோட் ட்ரான்சிஷன (எலக்ட்ரான்கள் ஒண்ண ஒண்ணு தள்ளுறதாலயே இன்சுலேட்டர் ஆகுறது) தொடர்ச்சியா நகத்திக் காட்டுனாங்க. அங்க டென்சிட்டிய கைல எடுக்காம மாய்ரே செல்லுக்கு (ரெண்டு ஷீட் சரியா பொருந்தாம உண்டாகுற பெரிய பேட்டர்னோட ஒரு கட்டம்) ஒரு எலக்ட்ரான் அல்லது ஹோல்னு பூட்டிட்டு டிஸ்ப்ளேஸ்மென்ட் ஃபீல்டால (அடுக்குக்கு செங்குத்தா போடுற எலக்ட்ரிக் ஃபீல்டு) பேண்ட் அகலத்தையும் (எலக்ட்ரானுக்கு கெடைக்குற எனர்ஜி ரேஞ்ச்) மாத்த முடியும், மாஸ்ஃபெட்ல நெனச்சே பாக்க முடியாத வசதி. ஆனா கான்டாக்ட் தொல்லை அங்க இன்னும் மோசம், ஃபில்டர், ஒய் சேனல், இன்சுலேட்டர் தெர்மாமீட்டர் எல்லாம் அங்கயும் அப்படியே பொருந்தும்.

எல்லாம் எடுத்து முடிச்சதும் உடனே ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணாதீங்க. நடு கர்வுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு டென்சிட்டிய மட்டும் கடைசியா இன்னொரு தடவ ஓட்டுங்க, ஆரம்பத்துல எடுத்ததோட ஒத்துப்போகுதானு பாருங்க. த்ரெஷோல்டு நடுவுல நகந்திருந்தா இதுல தான் தெரியும், சூடாக்கினதுக்கு அப்புறம் தெரிஞ்சா அடுத்த குளிர்ல மொதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியது தான்.